டாப் ஸ்டேஷனுக்கு ரயில் இல்லை

மூணாறிலிருந்து கிழக்கே முப்பது கி.மீ. போனால் டாப் ஸ்டேஷன் வரும். விடுமுறை நாட்களில் வேன்களும் கார்களும் அங்கே வரிசை கட்டி நிற்கும். மலை விளிம்பில் நின்று கீழே விரியும் தேனிச் சமவெளியைப் பார்த்துவிட்டு, உப்பும் மிளகாயும் தூவிய மாங்காயைக் கடித்துக்கொண்டு திரும்பும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்: ஸ்டேஷன் எங்கே? ஸ்டேஷன் இல்லை. தண்டவாளமும் இல்லை. இடுக்கி மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஓடுகிற ரயில் ஒன்றுகூடக் கிடைக்காது. கேரளத்தில் ரயில் எட்டாத மாவட்டங்கள் இரண்டுதான். ஒன்று வயநாடு. இன்னொன்று இடுக்கி.

ஆனால் பெயர் பொய் சொல்லவில்லை. நூறு வருஷங்களுக்கு முன்னால் இங்கே ரயில் வந்தது. டாப் ஸ்டேஷன் மட்டுமல்ல, அதற்கு நேர் கீழே கொட்டகுடியில் ஒரு பாட்டம் ஸ்டேஷனும் இருந்தது. குரங்கணியிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதையில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர் இருக்கிறது. சென்னை சென்ட்ரலைப் பார்த்து யாரோ வேடிக்கையாக வைத்த பெயர் அல்ல. தேயிலை கம்பியில் தொங்கி இறங்கிய காலம் விட்டுப்போன பெயர்.

இதே மலைத்தொடரின் வடக்குக் கோடியில், பொள்ளாச்சிக்கு மேலே, டாப்ஸ்லிப் இருக்கிறது. வெட்டிய தேக்கு மரங்களை மலை உச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால் அந்தப் பெயர். டாப்ஸ்லிப்பிலிருந்து மரம் இறங்கியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை இறங்கியது. ஒரு மலையின் இரண்டு கோடிகளிலும் இரண்டு ஆங்கிலப் பெயர்கள், இரண்டும் மலையிலிருந்து எதைக் கீழே இறக்கினார்கள் என்பதையே நினைவில் வைத்திருக்கின்றன. மலையில் இருந்த ஆட்கள் எப்படி ஏறினார்கள், எப்படி இறங்கினார்கள் என்பதற்குப் பெயர் எதுவும் மிஞ்சவில்லை.

அந்த மலை ஆனைமலை. அதன் வடக்குச் சரிவு பாலக்காட்டுக் கணவாயில் வந்து முடிகிறது. தெற்குத் தோளில் இமயத்துக்குத் தெற்கே மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் மூணாறு. பாலக்காடு மாவட்டமும் இடுக்கி மாவட்டமும் நேராக ஒட்டிக்கொள்வதில்லை. ஆனால் இரண்டுக்கும் பொதுவான சுவர் இதுதான். சுவரின் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். பறவை பறக்கும் தூரம் என்று பார்த்தால் பாலக்காட்டுக்கும் மூணாறுக்கும் நூறு கி.மீ. கூட இல்லை. ரயில் என்று பார்த்தால் இரண்டு ஊர்களும் இரண்டு வெவ்வேறு உலகங்கள்.

காரணத்தின் ஒரு பாதியைப் பூகோளம் சொல்லிவிடும். குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் வரை நீளும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டைப் போன்ற அகலமான இடைவெளி வேறு எங்கும் இல்லை. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. நடுவில் முப்பது, நாற்பது கி.மீ. அகலத்துக்கு மலையே கிடையாது. கடல்மட்டத்திலிருந்து நூற்றைம்பது மீட்டருக்குள் இருக்கும் இந்த வாசல் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று கோயம்புத்தூரைக் குளிரவைக்கிறது. வேனிலில் கொங்கு நாட்டு அனல் பாலக்காட்டைக் காய்ச்சுவதும் இதே வழியில்தான்.

காற்று கண்டுபிடித்த வழியை ரயிலும் கண்டுபிடித்துக்கொண்டது. 1856-ல் சென்னை ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது. ஐந்தே வருஷங்களில், 1861 மார்ச் 12-ம் தேதி, மேற்குக் கரையில் பேப்பூரிலிருந்து திரூர் வரை கேரளத்தின் முதல் ரயில் ஓடியது. மதராஸ் ரயில்வே கம்பெனி இரண்டு கடற்கரைகளிலிருந்தும் ஒன்றையொன்று நோக்கித் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்தது. 1862-ல் பாலக்காட்டு வழியாகப் போத்தனூரில் இரண்டும் கைகோத்தன. வங்காள விரிகுடாவையும் அரபிக் கடலையும் சேர்த்த அந்தப் பாதை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியது என்றுகூடச் சொல்ல முடியாது. மலை விட்டுக்கொடுத்த இடத்தில் நடந்துபோனது, அவ்வளவுதான்.

அந்த ரயிலும் சரக்குக்காகத்தான் வந்தது. மலபாரின் மிளகையும் மரத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதும், பட்டாளத்தை வேண்டிய இடத்துக்கு அனுப்புவதும்தான் கம்பெனியின் மனதில் இருந்தவை. ஆனால் பாதை சமதரையில் ஊர்களின் நடுவே போனதால் ஜனங்கள் ஏறிக்கொண்டார்கள். கல்பாத்தி அக்ரஹாரத்திலிருந்து குமாஸ்தாவாகவும் சமையல்காரராகவும் வாத்தியாராகவும் சென்னைக்கும் பம்பாய்க்கும் டில்லிக்கும் போன பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்கள் ஏறிய ரயில் அது. கோயம்புத்தூர் மில்களுக்கு ஆள் சேர்ந்ததும், ஷொர்ணூர்ச் சந்தைக்குக் கொங்கு நாட்டுச் சரக்கு போனதும் அதில்தான். ரயிலே பிழைப்பாகவும் ஆனது. 1964 டிசம்பர் புயல் பாம்பன் பாலத்தைச் சிதைத்தபோது அதை 46 நாட்களில் நிமிர்த்திக் கொடுத்த எஞ்சினியர் ஈ. ஸ்ரீதரன் பாலக்காட்டுக்காரர்.

1956 நவம்பர் வரை பாலக்காடு மதராஸ் மாகாணத்தின் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது வாளையாற்றில் எல்லைக்கோடு விழுந்தது. ரயில் அந்தக் கோட்டை மதிக்கவில்லை. அதே வருஷம் போத்தனூரிலிருந்து ஒலவக்கோட்டுக்கு மாறிய ரயில்வே கோட்டம், அடுத்த ஐம்பது வருஷங்களுக்கு இரண்டு மாநிலத்துத் தண்டவாளங்களையும் ஒரே கூரையின் கீழ் நிர்வகித்தது. 2007-ல் சேலம் கோட்டம் பிரிந்தபோது கேரளத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு கோட்டம் போவதற்கு ஊரே கோபப்பட வேண்டுமானால், ரயில் அந்த ஊரின் சொத்து என்று ஜனங்கள் நினைக்க வேண்டும். பாலக்காடு அப்படித்தான் நினைத்தது.

வாசல் மனிதருக்கு மட்டும் உரியது அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். மதுக்கரைக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் இடையில் பாதை யானைக் காட்டை ஒட்டிப் போகிறது. 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே ஒரே ரயிலில் மூன்று யானைகள் அடிபட்டு இறந்தன. அதன்பிறகுதான் யானைகள் கடக்கச் சுரங்கப்பாதையும், தண்டவாளத்தை நெருங்கும் யானையைக் கண்டு எச்சரிக்கும் கேமராக்களும் வந்தன. ரயில் யாரை எண்ணிப் போடப்படவில்லையோ அவர்கள் குறுக்கே வரும்போதுதான் கணக்கு இடறுகிறது. இந்த மலையில் அது யானையோடு நின்றுவிடவில்லை.

கணவாயிலிருந்து தெற்கே மலைக்குள் ஏறினால் பறம்பிக்குளம். இன்று பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் புலிகள் காப்பகம். அன்று கொச்சி சமஸ்தானத்தின் தேக்குக் காடு. அந்தத் தேக்கை வெளியே கொண்டுவர சமஸ்தானம் தன் செலவிலேயே ஒரு ரயில் போட்டது. கொச்சி வன டிராம்வே என்று பெயர். 1907-ல் ஓடத் தொடங்கிய அந்த மீட்டர் கேஜ் பாதை சாலக்குடியிலிருந்து பறம்பிக்குளம் வரை ஏறக்குறைய எண்பது கி.மீ. நீண்டது. தளவாடங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன.

எஞ்சினால் ஏற முடியாத செங்குத்துச் சரிவுகளில் அதைக் கட்டியவர்கள் செய்த ஏற்பாடு கிணற்றில் இரட்டை வாளி கட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். மரம் ஏற்றிய வண்டி ஒரு பக்கம் இறங்கும். அதன் கனமே கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை மேலே இழுக்கும். நிலக்கரி வேண்டாம், நீராவி வேண்டாம். மலையின் சரிவே எஞ்சின். பறவையியல் அறிஞர் சலீம் அலி 1933-ல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தபோது இந்தப் பாதையோரம் குரியார்குட்டியில் தங்கியிருக்கிறார்.

ஐம்பது வருஷங்களுக்கு மேல் காடு இந்தப் பாதையில் இறங்கிக்கொண்டே இருந்தது. பெரிய மரங்கள் தீர்ந்துவந்தன. லாரிகள் வந்தன. வரவு குறைந்து செலவு ஏறியது. 1963-ல் கேரள அரசு டிராம்வேயை மூடியது. அப்போது யாரும் போராடியதாக நினைவுகூரப்படுவதில்லை. காட்டில் இருந்த காடர்களும் மலசர்களும் முதுவர்களும் அந்த ரயிலின் கணக்கில் பயணிகளாக இருந்ததில்லை.

அதன் பலனை இன்றும் பார்க்கலாம். பறம்பிக்குளம் கேரளத்தின் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கிருந்து பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வர வேண்டுமானால் டாப்ஸ்லிப், சேத்துமடை, ஆனைமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றிக்கொண்டு மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். ஒரு சான்றிதழுக்காக மாநில எல்லையை இரண்டு முறை தாண்டுகிறார்கள். எண்பது கி.மீ. ரயில் போட்ட காட்டிலிருந்து வெளியே வர, சொந்த மாநிலத்தின் வழியாக ஒரு நல்ல சாலை இல்லை.

ஆனைமலையின் தெற்குக் கோடிக் கதை இன்னும் கூர்மையானது. 1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். ஆண்டுக்கு 3,000 ரூபாய். 1880-ல் முதல் தேயிலைச் செடி ஊன்றப்பட்டது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி பிறந்தது. காட்டை அழிக்கவும் செடி நடவும் ஆள் வேண்டியிருந்தது. திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்து வந்தார்கள். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் போடி வரை வந்து, அங்கிருந்து குழந்தையும் குட்டியுமாக மலையேறின. அட்டைக்கடியும் மலைக்காய்ச்சலும் வழித்துணை.

செடி வளர்ந்தது. தேயிலையை வெளியே அனுப்ப வழி வேண்டும். மேற்கே கடல் வரை அடர்ந்த காடு. கிழக்கேதான் கதி. 1902-ல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு வினோத ரயில் போட்டார்கள். அதற்குத் தண்டவாளம் ஒன்றே ஒன்று. வண்டியின் சிறு சக்கரங்கள் அந்த ஒற்றைத் தண்டவாளத்தில் உருளும். சாய்ந்துவிடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு பெரிய சக்கரம் தரையில் ஓடும். இழுப்பது மாடு. பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய ஒற்றைத் தண்டவாள வண்டியும் இந்த முறையைச் சேர்ந்ததுதான். செலவு குறைவு, மலை வளைவுகளில் சுலபமாகத் திரும்பும் என்பது இதன் சிறப்பு.

ஆறு வருஷத்தில் மாட்டு ரயில் போதவில்லை. 1908-ல் அதை இரண்டடி அகல நேரோ கேஜ் ரயிலாக மாற்றினார்கள். நீராவி எஞ்சின் வந்தது. தேயிலைப் பெட்டிகள் மூணாறில் ஏறி, மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனில் இறங்கின. அங்கிருந்து ஐந்து கி.மீ. நீளக் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. அப்புறம் பதினைந்து கி.மீ. மாட்டுவண்டியில் போடிக்கு. போடிக்கு அப்போது ரயில் வந்திருக்கவில்லை. பெரிய லைனைப் பிடிக்க வேண்டுமானால் இன்று கொடைக்கானல் ரோடு என்று சொல்லப்படும் அம்மையநாயக்கனூர்தான். லண்டனில் ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னால் எஞ்சின், கம்பிவடம், மாடு, மறுபடி எஞ்சின், கப்பல் என்று இத்தனை கைமாற்றம்.

அதே 1908-ல் இன்னொரு மலை ரயிலும் உச்சியைத் தொட்டது. 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்திருந்த நீலகிரி ரயில் உதகமண்டலத்துக்கு நீண்ட வருஷம் அது. மூணாறு ரயிலும் ஊட்டி ரயிலும் ஒரே மழையில் நனைந்தவை, ஒரே மாதிரி மண்ணில் நின்றவை. ஊட்டிப் பாதையில் மண் சரியாத மழைக்காலம் அபூர்வம். ஒவ்வொரு முறையும் பாறையை நகர்த்திப் பாதையைச் சரிசெய்து வண்டி விட்டுவிடுகிறார்கள். 2005-ல் அதற்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் கிடைத்தது. மூணாறு ரயிலுக்கு வாய்த்தது பதினாறு வருஷ ஆயுள்.

1924 ஜூலை. மலையாள ஆண்டு 1099, கர்க்கடக மாதம். கேரளத்தில் இன்றும் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றால் வயதானவர்களின் குரல் மாறும். அவர்களின் தாத்தாக்கள் சொன்ன கதை அது. மூணாறில் மலைகள் சரிந்தன. சரிந்த மண்ணும் மரங்களும் மாட்டுப்பட்டிப் பக்கம் ஆற்றை அடைத்து ஏரியாக்கின. அடைப்பு உடைந்தபோது முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடும் மூணாறு நகரமே வெள்ளக்காடானது. தண்டவாளங்களும் பாலங்களும் பெயர்ந்து போயின. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதற்குப் பிறகு ஓடவில்லை.

ரயிலைக் கொன்றது வெள்ளம் என்றுதான் எல்லாரும் சொல்வது. அது பாதி உண்மை. வெள்ளம் தண்டவாளத்தைத்தான் கொண்டுபோனது. மறுபடி போட வேண்டாம் என்று தீர்மானித்தது மனிதர்களின் கணக்குப் புத்தகம். மேற்கே கொச்சித் துறைமுகம் வளர்ந்துகொண்டிருந்தது. வெள்ளத்தில் அழிந்த பழைய ஆலுவா சாலைக்குப் பதிலாக நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை வந்தது. 1935-ல் பெரியாற்றின் மேல் நேரியமங்கலம் பாலம் திறந்தார்கள். தேயிலைக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. தேயிலைக்கு வழி கிடைத்தபின் ரயில் எதற்கு? மூணாறு ரயில் நிலையம் இருந்த கட்டடம் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக மாறியது. ஊரில் இருந்தவர்களுக்கு ரயில் வேண்டுமா என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

இதில் விதி விளையாடிய இடம் ஒன்று உண்டு. மலை ரயில் போய் நான்கே வருஷங்களில், 1928 நவம்பரில், மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் வந்து சேர்ந்தது. மேலே ஒரு ரயில், கீழே ஒரு ரயில், நடுவில் கம்பிவடம் என்று முழுமையாகியிருக்க வேண்டிய பாதை, ஒரு நாள்கூட அப்படி ஓடவில்லை. மேலே இருந்த ரயில் கீழே வந்த ரயிலைப் பார்க்கவே இல்லை.

போடி ரயிலின் ஆயுள்ரேகையும் நேரானதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அதன் தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். மீட்டர் கேஜை அகலப்படுத்துகிறோம் என்று 2010 இறுதியோடு வண்டியை நிறுத்தினார்கள். தொண்ணூறு கி.மீ. பாதைக்குப் பன்னிரண்டு வருஷங்கள் பிடித்தன. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் கிள்ளிக் கொடுத்த பணத்தில் வேலை ஊர்ந்தது. உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் தேனியிலும் மனு, மறியல், உண்ணாவிரதம் என்று ஜனங்கள் விடவில்லை. 2022 மே மாதம் தேனி வரை வண்டி வந்தது. 2023 ஜூன் 15 அன்று போடிக்கே வந்துவிட்டது. சென்னையிலிருந்து நேரடி ரயிலும் கிடைத்தது.

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதை நடந்தது. 1932-ல் பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் சேர்த்த மீட்டர் கேஜ் பாதை 2008 இறுதியில் மூடப்பட்டது. பழனிக்கும் மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் ரயிலில் போய்ப் பழகியவர்கள் ஏழு வருஷங்கள் பஸ்ஸில் இடிபட்டார்கள். விடாமல் கேட்டு, 2015 நவம்பரில் அகலப் பாதையில் வண்டியைத் திரும்ப வாங்கினார்கள். முதலமடை ஸ்டேஷனின் ஆலமரங்களுக்குக் கீழே மறுபடி ஆள் நடமாட்டம் வந்தது. 1927-ல் தேக்கை மனதில் வைத்துப் போட்ட ஷொர்ணூர்–நிலம்பூர் பாதையும் போரில் பெயர்க்கப்பட்டது. அதுவும் 1954-ல் திரும்பி வந்தது. அந்தப் பாதைக்குள் ஊர்கள் வந்துவிட்டிருந்தன, கேட்பதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

ஐந்து பாதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடுகிறது. வெள்ளமோ போரோ அகலப்பாதை வேலையோ எந்த ரயிலையும் நிறுத்திவிடும். நின்ற ரயில் திரும்பி வருவது, அதைத் தன்னுடையது என்று சொல்லிக் கேட்க ஆள் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மரத்துக்காக மட்டும் ஓடியது மரத்தோடு போனது. தேயிலைக்காக ஓடியது, தேயிலை வேறு வழி பார்த்துக்கொண்டதும் போனது. மரமும் தேயிலையும் மனு எழுதாது.

மூணாறில் 1924-ல் கேட்கக்கூடிய ஆட்கள் இல்லாமல் இல்லை. ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கங்காணியின் கடனில் இருந்தார்கள். வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, சாலையும் ரயிலும் கம்பெனியுடையவை. திருவிதாங்கூர் மண்ணில் வாழ்ந்த அவர்கள் ஊர் என்று சொன்னதெல்லாம் மலைக்குக் கீழே மதராஸ் ராஜதானியில் இருந்தது. 1956-ல் தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்ற சண்டை முடிந்து கேரளத்தோடு சேர்ந்தபோதும், 1972-ல் இடுக்கி தனி மாவட்டமானபோதும், கொழுந்து கிள்ளியவர்களின் பேச்சு தமிழாகவும் வசிப்பிடம் லயங்களாகவுமே இருந்தன.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலானவர்கள் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். தொலைபேசித் தொடர்பு அறுந்திருந்ததால் செய்தி வெளியே வர விடியவேண்டியிருந்தது. வழியில் பெரியவரைப் பாலம் சேதமாகியிருந்ததால் மீட்பு வண்டிகள் தாமதித்தன. தேயிலையை ஐந்து கி.மீ. கம்பியில் தொங்கவிட்டு இறக்கத் தெரிந்த ஒரு மலையில், நூற்றாண்டு கழித்தும், நள்ளிரவில் மண்ணுக்குள் கிடந்த மனிதர்களிடம் போய்ச் சேர வழி இருக்கவில்லை.

இப்போது மூணாறுக்கு மறுபடி ரயில் விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2018 பெருவெள்ளத்துக்குப் பிறகு கேரள அரசு மட்டத்திலேயே அது பேசப்பட்டது. பழைய பாதையின் தடம் பல இடங்களில் சாலையாக இருக்கிறது; சுற்றுலாப் பயணிகள் விரும்பி ஏறுவார்கள் என்பதிலும் சந்தேகமில்லை. ஊட்டியும் டார்ஜிலிங்கும் சம்பாதிக்கும் புகழ் மூணாறுக்கும் கிடைக்கலாம். அந்த ரயில் வரட்டும். ஆனால் தேக்கு, தேயிலை என்ற வரிசையில் மூன்றாவது சரக்காகச் சுற்றுலாப் பயணியை ஏற்றிக்கொண்டு, குண்டளையிலும் மாட்டுப்பட்டியிலும் லயங்களின் ஓரமாக நிற்காமல் போகிற ரயிலாக அது இருந்தால், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு அதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்கிற ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள விடிவதற்கு முன்னால் போடியிலோ கம்பத்திலோ நின்றால் போதும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் ஏறுகின்றன. கையில் தூக்குச்சட்டி. காலையில் மாநிலம் மாறி, சாயங்காலம் மாநிலம் மாறி வீடு திரும்புகிறார்கள். வளைவுகளில் ஜீப் கவிழ்ந்த செய்தி அடிக்கடி வருகிறது. ஏலக்காய் போடியிலும் வண்டன்மேட்டுப் புற்றடியிலும் கம்ப்யூட்டரில் ஏலம் போகிறது. அதைப் பறிக்கிறவர்களின் போக்குவரத்து மட்டும் ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக எல்லையோரம் லோயர் கேம்ப் வரை ரயில் வேண்டும் என்ற கோரிக்கை இவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுந்தது.

மூணாறுக்காரர்களுக்கு இன்று மிக அருகிலிருக்கும் ரயில் நிலையங்களில் ஒன்று போடிதான். ஆலுவாவுக்குப் போவதைவிடத் தூரம் குறைவு. கயத்தாறுக்கும் சங்கரன்கோவிலுக்கும் கல்யாணம், கருமாதி என்று இறங்குகிற குடும்பங்கள் எழுபது கி.மீ. பஸ்ஸில் வந்து மதுரை வண்டியைப் பிடிக்கலாம். தொண்ணூற்றைந்து வருஷம் தாமதமாகத்தான் என்றாலும், கீழே வந்த ரயில் மேலே இருப்பவர்களுக்குப் பயன்படத் தொடங்கியிருக்கிறது. அவர்களின் கொள்ளுப்பாட்டன்கள் நடந்து ஏறிய மலைச்சரிவில் பழைய பெயர்கள் இன்னும் இருக்கின்றன: பாட்டம் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன். குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சாலை போடுங்கள் என்று போடி மலைக்கிராமத்து ஜனங்கள் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த மலைகளில் சாலை எட்டாத ஊர்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், டோலி கட்டி நான்கு பேர் தோளில் தூக்கித்தான் இறக்குகிறார்கள்.